கேட்டு போட்டுட்டான்

— என்ன சொன்னிய? இன்னொரு தடவ சொல்லுங்க.

— கேட்டு போட்டுட்டான்ளா சந்தனம். கூட்ஸு. போர்ட்டுலேருந்து கரி ஏத்திக்கிட்டு ஊர்ந்து ஊர்ந்து போறான். வண்டிய அமத்திப் போட்டுட்டு நின்னு நின்னு காலு கடுத்துப் போச்சு. ஒரு செம்பு தண்ணி கொண்டா.

— தண்ணி இருக்கட்டும். எந்தக் கேட்டு?

— இது என்ன கேள்வி? நம்ம உப்பளத்து ரயில்வே கேட்டுதான். நமக்கு வேற எந்தக் கேட்டு இருக்கு?

— காலையில மந்திரி வந்து ரிப்பன் வெட்டுனாவல்லா, அது எதுக்கு?

— பாலத்துக்கு.

— அந்தப் பாலம் எதுக்கு மேல போவுது? சொல்லுங்க. கத்திரிக்கோலு வச்ச தட்ட ஏந்திக்கிட்டு நின்னது நீங்கதான? மேம்பாலக் கோரிக்கைக் குழுச் செயலாளர் நயினார் அவர்களேன்னு மைக்குல கூப்பிட்டது இங்கன மொட்டமாடி வரைக்கும் கேட்டுச்சு. கேட்டுக் கம்பியக் கழட்டி லாரியில ஏத்துனதயும் பாத்தாச்சு. இப்ப சாயங்காலம் வந்து கேட்டு போட்டுட்டான்னா, எதப் போட்டான், எங்கன போட்டான்?

— அடச் சவமே. பழக்கதோசம்ளா.

— பழக்கதோசமா?

— பின்ன? இத்தன வருசமா அதச் சொல்லிக்கிட்டேதான இந்த வாசல்ல செருப்பக் கழட்டுதேன். செருப்புல கைய வச்சதும் வாயி தானா சொல்லிட்டு. கேட்டு இல்லேங்கது மண்டைக்குத் தெரியிது, நாக்குக்கு இன்னும் தெரியல.

— நல்ல நாக்கு. சரி, கேட்டு போடல. அப்ப பிந்துனது எதனால? மந்திரி மத்தியானமே போயிட்டாவ. லிங்கராஜ் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, தூங்கி எந்திச்சு, கடையும் தொறந்தாச்சு.

— அவன் பொருளாளர். அவன யாரு தேடுவா? செயலாளருன்னா பத்துப் பேரு நிப்பாட்டிப் பேசத்தான் செய்வான். அதாவது சந்தனம், பொதுமக்கள் நலன் கருதி…

— இந்தா, மனு வாசிக்காதிய. நான் கலெக்டரு இல்ல.

— மனுவெல்லாம் இல்ல. உள்ளதச் சொல்லுதேன். விழா முடிஞ்சதும் எல்லாரும் ஆளாளுக்குப் பொன்னாட போடுதான். தேங்கா உடைக்கான். பாலத்துல நின்னு போட்டோ புடிக்கான். கூட்டத்துல வண்டிய நகட்ட முடியல.

— எப்ப நகட்டுனிய?

— இப்பதான். நேரா வீட்டுக்குத்தான் வாரேன்.

— ஏங்க, நான் கொத்தவரங்கா வத்தல் காயப்போட மாடிக்குப் போனேன். அங்கனருந்து பாலம் முழுசாத் தெரியிது. ஒரு டிவிஎஸ் வண்டி, அதுல வெள்ளச் சட்ட, தோளுல பளபளன்னு பச்சப் பொன்னாட. வேட்டி காத்துல பாய் மாதிரி விரியிது. நம்ம பக்கம் வரவேண்டிய வண்டி, அங்கிட்டு எறக்கத்துல எறங்கி எடது கைப்பக்கம் திரும்பிட்டு. யாரா இருக்கும்?

— பச்சப் பொன்னாட இன்னைக்கு அம்பது பேருக்குப் போட்டாவ.

— வேட்டி அப்பிடி விரியிறது ஒருத்தருக்குத்தான். கால அகட்டி வச்சு வண்டி ஓட்டாதியன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். எடது கைப்பக்கம் என்ன இருக்கு?

— எடது கைப்பக்கமா? ஐஸு கம்பெனி இருக்கு. மாதா செல வச்ச கெபி இருக்கு.

— பொறவு?

— உப்பு மூட அடுக்குற கொட்டக இருக்கு.

— பொறவு?

— பொறவு… நாலஞ்சு வீடு இருக்கு.

— யாரு யாரு வீடு?

— ஏளா, தெரிஞ்சுக்கிட்டே கேக்காத. நீதான அந்தத் தெருவுப் பேரயே இந்த வீட்டுல எடுக்கக் கூடாதுன்னே.

— நான் பேர எடுக்கலியே. கேள்விதான கேட்டேன். தண்ணியக் குடிங்க மொதல்ல, மூஞ்சி ஏன் இப்பிடி வேர்க்கு?

— குடு. … சந்தனம், ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியே?

— எனக்கு எப்ப கோவம் வந்துச்சு?

— பிரியா கல்யாணத்தன்னைக்கு வந்தது. இன்னும் போன மாதிரி தெரியல.

— வராம? பெத்த பிள்ள கழுத்துல தாலி ஏறுறதப் பாக்க முடியாம நடுரோட்டுல நின்னா கொஞ்சமாவா வரும்?

— நீ மட்டுமா நின்னே? நானும்தான நின்னேன். மண்டபத்துல எல்லாம் தயாரா இருக்கு. சாஸ்தா கோயில்ல வச்சு எடுத்த திருநீற மறந்துட்டேன், அது பூசாம பிள்ளைய மணையில உக்கார வைக்க மாட்டேன்னது யாரு?

— நான்தான். வாங்க, ஒரு நிமிசத்துல போயிட்டு வந்துரலாம்னு வண்டிய எடுத்தது யாரு?

— நான்தான். போறப்ப கேட்டு தொறந்து கெடந்துச்சு. வாரப்ப போட்டுட்டான்.

— போட்டதோட விட்டானா? கூட்ஸக் கொண்டாந்து நடுவுல நிப்பாட்டிட்டான். அசையவே இல்ல. இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் மண்டபம். வேகனுக்கு அங்கிட்டு கெட்டிமேளம் கொட்டுறது கேக்கு. ஆளுக சிரிக்கது கூட கேக்கு.

— பட்டுச்சேலயக் கட்டிக்கிட்டு வண்டியில பின்னால உக்காந்திருந்தே. பொட்டலத்தப் பிரிச்சு அந்தத் திருநீற அள்ளி அப்பிடியே கரி வேகன் மேல தூவுனியே. நல்லா இருளா, நல்லா இருன்னுகிட்டே தூவுனே.

— அட்சதையா வச்சிருந்தேன் கையில? இருந்ததத்தான தூவ முடியும்.

— பக்கத்துல லாரிக்காரன் ஒருத்தன் நமக்குத்தான் கிறுக்குப் புடிச்சிட்டுன்னு பாத்தான்.

— உங்கள மட்டும் வேகனுக்கு அடியில நொழஞ்சு போகச் சொன்னேன். நீங்க போகல.

— உன்ன ரோட்டுல விட்டுட்டு நான் மட்டும் போயி என்னத்தப் பாக்க? நம்ம ரெண்டு பேருக்கும் பொறந்த பிள்ளதான அவ. பாத்தா ரெண்டு பேரும் பாக்கணும், இல்லன்னா ரெண்டு பேரும் பாக்கக் கூடாது.

— அதச் சொல்லித்தான் இத்தன வருசமும் என் வாய அடைச்சிய. சரி, அது போவட்டும். மண்டபத்துக்குள்ள நொழஞ்சதும் உங்க சம்மந்தியம்மா உமாராணி என்ன கேட்டா? குனிஞ்சு வரத் தெரியலியா சம்மந்தின்னு கேட்டால்லா?

— கேட்டாவ.

— அத்தன சனத்துக்கு முன்னால. பொண்ணப் பெத்தவன்னா குனியணும்னு எந்த ஊருச் சட்டம்?

— ஏளா, அவுக கூட்ஸு வண்டியச் சொன்னாவ. மத்தவுக எல்லாம் வேகனுக்கு அடியில குனிஞ்சு வந்துட்டாவ, நீங்களும் அப்பிடிக் குனிஞ்சு வந்திருக்கலாமேன்னு கேட்டாவ. நீ வேற மாதிரி எடுத்துக்கிட்டே.

— அன்னைக்கு நீங்க எப்பிடி எடுத்துக்கிட்டிய?

— நீ எடுத்துக்கிட்ட மாதிரிதான். புருசன்லா.

— அப்பிடி வாங்க வழிக்கு. நான் எவளுக்கும் குனிய மாட்டேன், இனி உங்க வாசப்படி மிதிச்சா என் பேரு சந்தனமாரி இல்லன்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னிய?

— அவ மிதிக்காத படிய நானும் மிதிக்க மாட்டேன்னேன்.

— துண்ட ஒதறித் தோளுல போட்டுச் சொன்னிய. மேளக்காரன் கூட வாசிக்கத நிப்பாட்டிட்டுப் பாத்தான்.

— அந்தப் பிள்ளையும் உன்ன உரிச்சு வச்சாப்புல வந்து பொறந்திருக்கு. அம்ம எங்க வீட்டுப் படி ஏறட்டும், அதுக்குப் பொறவுதான் நான் அந்த வீட்டுப் படி ஏறுவேன்னு அவ அங்கன உக்காந்துக்கிட்டா. தலப்பிரசவத்துக்குக் கூட வரலியே.

— அவ அப்பிடிச் சொன்னது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— மருமவன் செந்தில்முருகன் ஒருநா கேட்டுக்கு அங்கிட்டு இருக்க நம்ம கடைக்கு வந்தாரு. ஒரு பாக்கெட்டு ஊதுபத்தி வாங்குனாரு. வாங்கிட்டு நிக்காரு. என்னன்னு கேட்டேன். பிரியா மூணு நாளா சாப்பிட மாட்டேங்கா மாமா, நீங்க ஒரு எட்டு வந்து பாத்தா தேவலன்னாரு. அதுக்குப் பொறவு கடையில உக்கார முடியுமா?

— அது எப்ப?

— கல்யாணம் முடிஞ்ச அடுத்த மாசம்.

— அடுத்த மாசமா!

— நீ கோவப்பட மாட்டேன்னே.

— நான் கோவப்படல. கணக்குப் போடுதேன். நீங்க சொல்லுங்க.

— அன்னைக்குப் போனேன். உள்ள போகக் கூடாது, ரோட்டுல நின்னு பாத்துட்டு வந்துரணும்னுதான் போனேன். அவ ஓடிவந்து வண்டிச் சாவியப் புடுங்கிட்டா. அப்பான்னு கையப் புடிச்சு இழுத்தா, சந்தனம். படியாவது வாசலாவது. எதுல கால வச்சேன்னே தெரியல. திரும்பி வாரப்ப இருட்டிட்டு. நீ வாசல்ல நிக்க. என்ன சொல்லன்னு தெரியாம, கேட்டு போட்டுட்டான்ளான்னு சொன்னேன். நீயும் சரி கைகழுவுங்கன்னுட்டு உள்ள போயிட்டே. இது நல்லாருக்கேன்னு மறுநாளும் போனேன்.

— மறுநாளும் கேட்டு போட்டான்.

— தினமும் போட்டான்.

— ஞாயித்துக்கிழம மட்டும் போட மாட்டான்.

— ஞாயித்துக்கிழம கடை கெடையாதுல்லா.

— ஊருல எல்லாரும் அப்பிடித்தான். பள்ளிக்கூடத்துக்குப் பிந்துனா கேட்டு, பொண்ணு பாக்க வரலன்னா கேட்டு, மொய்யி எழுதாம நழுவுனாலும் கேட்டு. ஆனா ஒருநா மழையில தண்டவாளம் முங்கி ரெண்டு நாளு ரயிலே ஓடல. அன்னைக்கும் நீங்க வந்து கூட்ஸுன்னிய.

— அன்னைக்கே உனக்குத் தெரிஞ்சுதா?

— பேசிட்டு இருக்கியல்லா, பேசுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கல. கேட்டுதான உங்களுக்குச் சாக்கு. அது இருந்தாத்தான உங்க பொழப்பு ஓடும். அத எடுக்கணும்னு நீங்களே குழு சேத்து, உண்ணாவிரதம் இருந்து, ஆபீசு ஆபீசா மனு குடுத்தியளே, எந்த மனுசன் செய்வான் இத? கடையக் கூட அடைச்சிப் போட்டுட்டுப் போனிய.

— உனக்காகத்தான் போனேன்.

— எனக்கா?

— வேற யாருக்கு? நீ கேட்டுக்கு இங்கிட்டு நின்னு திருநீறு தூவுனதப் பாத்தவன் நான். இனி எந்தத் தாயும் இப்பிடி நிக்கக் கூடாதுன்னு அன்னைக்கே நெனச்சேன். மனுவுல மொத வரி என்ன தெரியுமா? பொதுமக்கள் ரயில் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து செல்லும் அவலநிலையைப் போக்க வேண்டி. குனிந்துங்கதுக்கு அடியில ரெண்டு கோடு போட்டேன். இது எதுக்குய்யா கோடுன்னு கலெக்டரு கேட்டாவ. அது எங்க வீட்டு விசயம் அய்யான்னேன்.

— கலெக்டருட்டயா அப்பிடிச் சொன்னிய?

— சிரிச்சிட்டாவ. இந்தா பாரு சந்தனம், பாலம் வந்தா நீ வருவேன்னு நெனச்சேன். யாருக்கும் குனிய வேண்டாம். கம்பியில்ல, வேகனில்ல. நிமிந்து உக்காந்து, ஊரு உலகத்துக்கு மேல ஏறிப் போயி எறங்குனா, சொன்ன சொல்லும் கீழ போகாதுன்னு எனக்கு ஒரு கிறுக்குக் கணக்கு. இன்னைக்கு எல்லாரும் போன பொறவு உச்சியில வண்டிய நிப்பாட்டிட்டு நின்னேன். அங்கிட்டுப் பாத்தா பிரியா வீட்டு மாடியில பாப்பா சட்ட காயிது. இங்கிட்டுத் திரும்பினா நம்ம மாடியில உன் சேல காயிது. ரெண்டும் ஒரே காத்துல ஆடுது. நான் அங்கனயே அழுதுட்டேன்.

— போலீசு பாத்திருப்பான்.

— பாத்தான். கண்ணுல தூசியா அண்ணாச்சின்னான். கண்ணத் தொடச்சிக்கிட்டு அங்கிட்டே எறங்கிட்டேன்.

— பாப்பா எப்பிடி இருக்கா?

— யாழினியா? அதயேன் கேக்க! வாயாடி. எனக்கு என்ன பேரு வச்சிருக்கா தெரியுமா? கேட்டுத் தாத்தா. நான் கெளம்ப எந்திரிச்சா, போறியா கேட்டுத் தாத்தா, ஆச்சிட்ட கேட்டு போட்டான்னு சொல்லுன்னு எனக்கே எடுத்துக் குடுக்கா.

— பச்சப் பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிய.

— நான் எங்க பழக்குனேன், அது கேட்டுப் பழகிக்கிட்டு. இன்னொண்ணு சொன்னா நம்ப மாட்டே. உன் போட்டோ என் போன்ல இருக்குல்லா, திருச்செந்தூருல எடுத்தது. சும்மா தள்ளிக்கிட்டு வாரேன், பிள்ள டக்குன்னு வெரல வச்சு ஆச்சீன்னுட்டு! ஒருநாளும் கண்ணுல பாத்ததில்ல. யாரும் சொல்லியும் குடுக்கல. ரத்தம் பேசுது பாத்தியா?

— ஆமா. ரத்தந்தான்.

— சிரிக்கியா?

— இல்லியே.

— சந்தனம், நான் வெளையாட்டுக்குச் சொல்லல. இன்னையோட எனக்குச் சாக்கு தீந்துட்டு. நாளைக்குச் சாயங்காலம் கடை அடைச்சா, நாலு எட்டுல வீடு. நடுவுல சொல்லதுக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பிள்ள ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கும். நான் உன்ட்ட பொய் சொல்லிட்டும் போக முடியாது, போகாம வீட்டுல உக்காரவும் முடியாது. உன் மேல எனக்கு வருத்தம் கெடையாது. நீ பட்டது எனக்குத் தெரியும். நீ போகாதியன்னு ஒரு வார்த்த சொன்னா, சாஸ்தா மேல ஆணையா போக மாட்டேன். ஆனா சொல்லிராத. ஏசணும்னா ஏசு. இப்பிடிச் செம்பத் தொடச்சிக்கிட்டு நிக்காத.

— என்னத்த ஏச? அங்கன போயி என்ன திங்கிய தினமும்? ராத்திரி ரெண்டு இட்லிக்கு மேல எறங்க மாட்டேங்கு உங்களுக்கு.

— அட, இப்ப அதா முக்கியம்?

— எனக்கு முக்கியம். சொல்லுங்க.

— கருப்பட்டிப் பணியாரம். ஏளா, என்ன பணியாரம் அது! ஓரம் மொறுமொறுன்னு, நடு பஞ்சாட்டம், சுக்கு லேசாத் தட்டிப் போட்டு. உன் கைப்பக்குவம் அப்பிடியே பிரியா கையில எறங்கியிருக்கு. வாயில வச்சா நீ பக்கத்துல இருக்க மாதிரியே இருக்கும். அம்மையும் மவளும் பேசிக்கிடாட்டா என்ன, கை பேசுதேன்னு நெனச்சு நெனச்சுத் தின்பேன்.

— நல்லா நெனச்சிய. அவளுக்கு வெந்நி வைக்கவே பொறுமை கெடையாது, பணியாரமா சுடுவா? உமாராணி மாவ ஆட்டி வைப்பா. நீங்க காலையில கடை தொறக்கப் போனதும், அந்த வீட்டு வாசப்படியத் தொடாம புறவாசல் வழியாப் போயி, உங்களுக்குன்னு எண்ணெ கம்மியா ஊத்திச் சுட்டுத் தூக்குவாளியில மூடி வச்சிட்டு வாரது நான்.